தங்கை சாகக்கூடாத கதை

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. மிரட்டி வாங்கிய கதை இது. மிரட்டியவள் என் தங்கை.

“அக்கா, உன் கதைல பொம்பளைக்கு மார்ல ஏதாவது வந்தா ஏன் அவ செத்தே போறா?”

“எந்தக் கதைல?”

“ரெண்டு கதைல.”

எண்ணிப் பார்த்தேன். மூன்று. அவளிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அவள் மகன் பால் குடிப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஆனால் பால் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் வருகிறது. ஒரு மார்பு மற்றதைவிட இளைத்தும் போயிருக்கிறது.

“டாக்டர்கிட்ட போடி.”

“போனா என்ன ஆகும்னுதான் நீயே எழுதிவெச்சிருக்கியே! அவ சாகாத மாதிரி ஒண்ணு எழுது. படிச்சிட்டுப் போறேன். அதுவரைக்கும் போக மாட்டேன்.”

பிடிவாதத்தில் அவள் எங்கள் அப்பா மாதிரி. எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் அ: வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியின் முன் நின்ற அவள் மெல்லத் தன்

(விட்டுவிட்டேன். மழை பெய்தாலே என் கதையில் யாராவது போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.)

தொடக்கம் ஆ: தாய்மையின் வெண்ணிற எச்சம் அவள் உடலில்

(போனில் வாசித்துக் காட்டினேன். “எச்சமா? நான் என்ன காக்கா உக்காந்த சுவரா?” என்றாள். அதுவும் போயிற்று.)

தொடக்கம் இ: அவள் ஷாம்பு தொழிற்சாலையில் கசிவு பார்க்கிறவள்.

இதை மட்டும் அவள் விட்டுவைத்தாள். உண்மை என்பதால் இருக்கலாம்.

3

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டில் நகர்ந்து வரும் பாட்டில்களில் ஒன்றை எடுப்பாள். தலைகீழாகப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குவாள். மூடி ஓரத்தில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தால் அது சிவப்புத் தொட்டிக்குப் போகும். உடன் வேலை செய்கிறவர்கள் அவளுக்குக் கசிவுராணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் கைபட்டுப் போன பாட்டில் ஒழுகியதாக இதுவரை புகார் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

(இடையில் ஒன்று. ‘முலைக்காம்பு’ என்று எழுத எனக்குக் கை கூசியது. இத்தனைக்கும் அவள் பால் கொடுத்த நாட்களில் வீடே அதைப் பற்றித்தான் பேசியது. பால் வருதா, பத்துதா, குழந்தை சரியாப் பிடிக்கிறானா என்று அவள் மாமனார்கூடக் கதவுக்கு வெளியே நின்று விசாரித்தார். நிறுத்திய பிறகு அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான்.)

4

இங்கே ஒரு சிக்கல். அவள் விரல் தடவிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் சின்னதாக ஒரு

அழித்துவிட்டேன். கட்டி ஒன்று இருந்தால் கதை நன்றாக நிற்கும் என்று என் கைக்குத் தெரியும். அது தானாக அங்கேயே போகிறது. மூன்று தடவை போய்ப் பழகிய கை. ஆனால் இது என் தங்கை. எனக்கு இருப்பது ஒரே தங்கை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் மருத்துவர் அறைக் கதவு வரைக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.

“மிச்சம் எங்கே?”

“உள்ள என்ன நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு, எழுதறேன்.”

“நீயெல்லாம் ஒரு எழுத்தாளர்!” என்று திட்டிவிட்டு வைத்தாள். அடுத்த நாள் போய்விட்டு வந்தாள்.

5

இந்தப் பகுதி அவள் சொல்லச்சொல்ல எழுதியது.

மருத்துவர் ஒரு பெண். என்ன நிறம், ரெண்டு பக்கமுமா, ரத்தம் கலந்து வருதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா என்று கேட்டார். இரண்டு மார்பையும் அக்குளையும் பொறுமையாகச் சோதித்தார். கட்டி எதுவும் இல்லை. ஒன்று இளைத்துப் போனது பால் கொடுத்தவர்களுக்குச் சகஜம் என்றார்.

“தானா சொட்டுதா?”

“இல்ல டாக்டர். அமுக்கினா வருது.”

“எப்ப அமுக்குவீங்க?”

“குளிக்கறப்ப. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. வந்தப்புறம் ஒரு தடவை.”

“எதுக்கும்மா?”

“நின்னுடுச்சான்னு பாக்கத்தான்.”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீங்க அமுக்கற வரைக்கும் குழந்தை குடிக்குதுன்னுதான் உடம்பு நெனச்சுக்கும். கேட்டா அது குடுக்கத்தானே செய்யும்? ரத்தம் ஒண்ணு டெஸ்ட் பண்ணிடலாம். ரெண்டு மாசம் அங்க கை வைக்காதீங்க. தானா கசிஞ்சாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, ரத்தமாவோ தண்ணியாட்டமோ வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, காத்திட்டு இருக்காம உடனே வாங்க.”

(அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் என் அழகு வேலை எதையும் காட்டக் கூடாது என்பது தங்கையின் உத்தரவு. காட்டவில்லை.)

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாளாம். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டதாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் வந்தது.

6

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. கேட்டபடி அவளைச் சாகவிடாமல் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் முடிவு இன்னும் அமையவில்லை. பால் நின்றதா இல்லையா என்று தெரியாமல் கதையை எப்படி முடிப்பது? தினமும் காலையில் போன் செய்தேன்.

“நின்னுச்சா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“அமுக்கினாத்தானே தெரியும்!”

மறுநாள் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

“அக்கா, டாக்டர் சொன்னது உனக்கும்தான். பேசாம இரு.”

இப்போது நான் கேட்பதில்லை. வாய் அரிக்கிறது, ஆனாலும் கேட்பதில்லை. அவள் தொழிற்சாலையில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் அமுக்குகிறாள், வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொள்கிறாள். டாக்டர் அனுமதித்தபடி, கட்டி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை அமுக்காமல் தடவிப் பார்ப்பதோடு சரி.

உங்களுக்கும் கேட்கத் தோன்றும். நின்றதா, இல்லையா? இந்தக் கதையின் முடிவை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். டாக்டர் சொன்னது உங்களுக்கும்தான். ரெண்டு மாசம் அங்க கை வைக்காதீங்க.