இரண்டு பொன்னாடைகள்

நிஸ்தாருக்கு வாங்கிய பொன்னாடையின் குஞ்சத்தில் பச்சை நூலை முடிந்துவிட்டு, நல்லரத்தினத்துடையதில் சிவப்பு நூலை முடிந்துகொண்டிருந்தபோது என் மனுசன் பூபாலப்பிள்ளை வலையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"என்னகா கண்ணகை, இந்த முறயும் துவங்கிட்டியா? சீஐடி வேலைக்குப் போயிருக்க வேணும் நீ" என்றார்.

அவர் சிரிக்கட்டும். பிரதேச சபைக்கு உறுப்பினராக வந்த புதிதில் ஒரு கல்வி அதிகாரிக்கு நான் பொன்னாடை வாங்கிக் கொடுத்தேன். போர்த்துகிற அவசரத்தில் அதன் ஓரத்தில் தேநீர் சிந்திவிட்டது. அடுத்த மகளிர் தின விழாவில் எனக்கு ஒன்று போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் அதே ஓரத்தில் அதே கறை. பொன்னாடையை யாரும் வைத்துக்கொள்வதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பெரியவர்கள் வாகனத்தின் பின் சீட்டில் போடுகிறார்கள், அங்கிருந்து சாரதிக்கோ, வேண்டப்பட்டவருக்கோ, அடுத்த விழாவுக்கோ போகிறது. அதற்குப் பிறகு நான் வாங்குகிற ஒவ்வொன்றிலும் ஒரு நூல் முடிந்துவிடுவேன். எது எந்தத் தோளில் போய்க் குந்துகிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி. மனிதர்கள் வாயால் சொல்லாததைப் பொன்னாடை சொல்லிவிடும்.

எங்கள் பிரதேச சபையில் இருந்து இரண்டு பேர் மேலே போகிறார்கள். நல்லரத்தினத்தின் கட்சிப் பட்டியலில் வந்த பாராளுமன்ற உறுப்பினர் சுகவீனம் என்று விலகியதில் அந்தக் கதிரை நல்லரத்தினத்துக்குக் கிடைத்திருக்கிறது. நிஸ்தார் ஓர் அமைச்சரின் இணைப்பாளராகப் போகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் பாராட்டு. நான் ஒரு பெண் உறுப்பினர் என்பதால் துணி தெரியும் என்று முடிவுசெய்து, பொன்னாடை வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். காத்தான்குடிக்குப் போய் ஒரே நிறத்தில், ஒரே சரிகையில் இரண்டு வாங்கிவந்தேன். ஒன்று மற்றதைவிட நல்லதாக இருந்தால் அதையும் ஒரு அரசியலாக்கிவிடுவார்கள்.

உண்மையில் எனக்குப் பாராட்டில் மனம் இல்லை. என் நெஞ்சு முழுக்கத் தோணித்துறையில் இருந்தது. எங்கள் வட்டாரத்து ஆட்கள் வாவியில் தொழில் செய்துவிட்டு வந்து தோணி கட்டுவதற்கு இருப்பது அந்த ஒரு துறைதான். மற்ற இடமெல்லாம் கண்டல் காடு, சேறு. துறைக்குப் பக்கத்துக் காணியை வெளியூர் ஆள் ஒருவர் ஹோட்டல் கட்ட வாங்கினார். முதலில் தன் காணிக்குள் கொங்கிறீட் தூண் நட்டார். பிறகு தூண்கள் மெல்ல நடக்கத் தொடங்கின. ஒவ்வொரு கிழமையும் ஒன்றிரண்டு வாவிப் பக்கம் தள்ளி நிற்கும். கேட்டால் அங்கே காவலுக்கு நிற்கிற வோச்சர், "எனக்குத் தெரியா, நான் சம்பளத்துக்கு நிக்கிறன்" என்பான். இப்போது ஒரு தோணி நுழைகிற அளவுதான் மிச்சம். அதையும் அடைத்தால் பூபாலப்பிள்ளையும் மற்றவர்களும் தோணியை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

துறை பொதுமக்களுக்கு உரியது, அதில் யாரும் வேலி போட முடியாது என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் நல்லரத்தினம். எங்கள் ஊர்ப் பிள்ளை. என் மனுசனுக்குத் தூரத்து உறவும்கூட. அவர் எழும்பிப் பேசினால் சபை அமைதியாகிவிடும். அன்றைக்கு அவர், "இந்தத் துறையில கைவைக்கிறவன் என்ட நெஞ்சில கைவைக்கிறான்" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த அமர்வில் வாக்கெடுப்பு என்று முடிவானது.

நிஸ்தார் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? அவருக்கு ஹாட்வெயார் கடை. அந்தக் கொங்கிறீட் தூண்களை அவருடைய ட்ரக்டர்தான் கொண்டுவந்து இறக்கியது. நானே பார்த்தேன். அது போதாதா? கடைக்காரனுக்குக் கடைப்புத்திதானே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை ஊரிலும் நாலு பேரிடம் சொன்னேன்.

பாராட்டு அன்றைக்குச் சபை மண்டபத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். நான் போனதும் முதலில் செயலாளரைப் பிடித்தேன்.

"இண்டைக்கு அமர்வுதானே? துறைத் தீர்மானம் எப்ப எடுப்பீங்க?"

"பாராட்டு அமர்வில வேற அலுவல் எடுக்கிறல்ல, அக்கா. வழக்கமில்லயே" என்றார் அவர். கையில் பற்றிஸ் பலகாரத் தட்டு.

எனக்குச் சுருக்கென்றது. வழக்கமான அமர்வை நிறுத்திவிட்டு அந்த நாளில் பாராட்டை வைத்த கெட்டிக்காரன் யார்? கண் தன்பாட்டில் நிஸ்தார் பக்கம் போனது. அவர் வெள்ளைச் சட்டையோடு ஓரமாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். தீர்மானம் எடுபடாது என்று அவருக்கு முன்பே தெரியும்போல அவ்வளவு நிம்மதியாக இருந்தார்.

பேச்சுகள் தொடங்கின. போனவாரம்வரை ஒருவரையொருவர் கள்ளன் என்று திட்டியவர்கள் இன்றைக்குச் சபையின் இரு கண்கள் என்றார்கள். இரண்டு கண்ணும் போனால் சபை எதால் பார்க்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பொன்னாடை நேரம் வந்தது. நிஸ்தாருக்கு ஒரு பெண் போர்த்துவது சரியில்லை என்று சபைத் தலைவரான தவிசாளரே வாங்கிப் போர்த்தினார். பச்சை நூல் அவர் முழங்கைப் பக்கம் தொங்கியது. சிவப்பு நூல் முடிந்ததை நல்லரத்தினத்துக்கு நான் போர்த்தினேன். அவர் குனிந்து தலையைத் தந்தார்.

"துறைய மறந்திராதீங்க, தம்பி" என்று காதோடு சொன்னேன்.

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, அக்கா. மேல போனா இன்னும் லேசா முடிச்சிரலாம். துறை என்ட பொறுப்பு."

அந்த வார்த்தையில் எனக்கு வயிறு குளிர்ந்தது. கைதட்டினேன். எல்லோரையும்விடப் பலமாக, கடைசிவரை தட்டினேன்.

பிறகு தேநீர். நான் ஜன்னலோரம் நின்றபோது நிஸ்தார் கோப்பையோடு பக்கத்தில் வந்தார். சபைக்கு வந்த நாள் தொட்டு அவர் தனியாக வந்து என்னோடு கதைத்ததே இல்லை.

"அக்கா, நீங்க என்னயப் பத்திக் கதைக்கிறது எனக்குத் தெரியும்" என்றார். கோபம் இல்லை, களைத்துப்போன குரல். "தூண் எண்டா ஆரும் வந்து காசு குடுத்து வாங்கலாம். ஒங்கட கோயிலுக்கும் நான்தானே குடுத்த."

"கோயில் துறையில கட்டல்லயே" என்றேன்.

"சரி. ஒண்டு கேக்கன். கொண்டுவந்த ஆள் சபைய விட்டுப் போனா தீர்மானமும் விழுந்திரும். ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் தெரியாது என்று அவரிடம் சொல்ல மனமில்லை.

"திருப்பி நீங்க கொண்டுவரலாம். அடுத்த மாசம். அதுக்குள்ள சீமெந்து காஞ்சிரும்." கோப்பையை ஜன்னலில் வைத்தார். "பாராட்ட இண்டைக்கே வைக்கச் சொன்னது ஆரெண்டு தவிசாளர்ட்டக் கேட்டுப் பாருங்க. நான் வாறன்."

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். செய்வதையும் செய்துவிட்டு எங்கள் ஆட்களுக்குள் சண்டை மூட்டப் பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. தவிசாளர் வாசலில்தான் நின்றார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிஸ்தார் சொல்லிப் போய்க் கேட்பதா என்று, மிச்சமிருந்த கேக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். பூபாலப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேக்கைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் நீ தவிசாளர்ட்டக் கேக்கல்ல?" என்றார்.

"என்னத்துக்குக் கேக்க? நல்லரத்தினத்த நமக்குத் தெரியாதா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வலை பார்க்கப் போனார்.

மறுநாள் காலையில், தோணி வருகிற நேரம் பார்த்து மீன் வாங்கும் கூடையோடு துறைக்குப் போனேன். வாவிக் காற்று குளிராக அடித்தது. தூரத்திலேயே கண்டுவிட்டேன். துறையின் வாயில் புதிதாகக் குழி தோண்டியிருந்தது. பக்கத்தில் தூண்கள் படுத்துக் கிடந்தன. மண்குவியல் மேல் வோச்சர் குந்தியிருந்தான். பனிக்குத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தது சரிகை போட்ட பொன்னாடை. நான் காத்தான்குடியில் தடவிப் பார்த்து வாங்கிய அதே சரிகை.

எனக்குள் கொண்டாட்டமே வந்துவிட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. துறை போகிறதே என்ற பதற்றத்தைவிட, நிஸ்தார் அகப்பட்டார் என்ற சந்தோசம்தான் முதலில் வந்தது. போனில் படம் எடுத்து நல்லரத்தினத்துக்கு அனுப்புவேன், தவிசாளருக்கு அனுப்புவேன், ஊர் முழுக்கக் காட்டுவேன். பச்சை நூல் இருக்கிறது, இனி என்ன சொல்லித் தப்புவார்?

"தம்பி, அந்தச் சால்வைய ஒருக்கா காட்டு."

"ஏன் அக்கா?"

"நல்லாரிக்கி. எங்க வாங்கின எண்டு பாக்கத்தான்."

அவன் சந்தோசமாக அவிழ்த்தான். "வாங்கல்ல, அக்கா. ராத்திரி ஐயா இஞ்ச வந்தவர். போகக்குள்ள தந்துட்டுப் போனவர். குளிருக்கு நல்ல சாமான்."

எந்த ஐயா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை என்ன? குஞ்சத்தைப் பிடித்து முனையைத் தேடினேன். முதல் முனையில் ஒன்றும் இல்லை. அடுத்ததில், பல்லால் கடித்து நான் இறுக்கிய முடிச்சு அப்படியே இருந்தது. வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். விடிகிற வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும் என்று கையால் மறைத்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் துடைத்தும் பார்த்தேன்.

சிவப்பு.

சாரதி கொடுத்திருக்கலாம். கைமாறி வந்திருக்கலாம். எத்தனை பொன்னாடை எத்தனை கைமாறுகிறது, எனக்குத் தெரியாததா? ஐயா என்றால் எந்த ஐயாவாகவும் இருக்கலாம். வோச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேள்வி கேட்டால் போதும், பதில் சொல்லிவிடுவான். ஊரெல்லாம் கேள்வி கேட்கிற எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"தாங்க அக்கா, குளிருது" என்றான் அவன்.

வாவியில் பூபாலப்பிள்ளையின் தோணி வந்துவிட்டது. குழிக்கும் மண்ணுக்கும் நடுவே எங்கே நுழைப்பது என்று தெரியாமல் அவர் தண்டுக் கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தினார். "கண்ணகை, எதால வாறகா?" என்று அங்கிருந்து சத்தம் போட்டார். வோச்சர் பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தான். மற்ற முனை என் கையில் இருந்தது. நான் விடவில்லை.