நாற்றமில்லாத ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி அப்துல் சமத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. ஷாப்புக்குப் பின்னால், அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெரு. தெருக்கோடியில் கீற்று வேய்ந்த ஜெபக்கூடம். உலகம் முடியப் போகிறது என்ற செய்தியை அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவர், மாதனூர் பக்கமிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கிய ஓர் உபதேசியார்.

அவர் வெறும் வாயால் சொல்லவில்லை. பெரிய சீலை ஒன்றை விரித்துக் கட்டினார். அதில் ஏழு தேவதூதர்கள் வரிசையாக நின்று, கையிலிருந்த கோபகலசங்களைப் பூமியின்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து கொப்புளம், ஒன்றிலிருந்து இரத்தம், ஒன்றிலிருந்து நெருப்பு. தெருக்கூத்துக்குத் திரை எழுதுகிறவர் யாரோ எழுதியிருக்க வேண்டும். தூதர்கள் எல்லோருக்கும் மீசை இருந்தது.

"அக்கினியும் கந்தகமும் எரிகிற அந்தக் கடல் எப்படி நாறும் தெரியுமா?" என்று உபதேசியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "இதோ, இங்கே இப்போ நாறுதே, இதைவிட மோசமா நாறும்."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க இன்னா நாறுதுங்க ஐயா?" என்று இருதயராஜ் மரியாதையாகக் கேட்டான். அவன் பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவன். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு முடி களைவது அவன் வேலை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஐப்பசி மாதம் மூன்றாம் ஞாயிறு, விடிவதற்கு முன் கலசங்கள் ஊற்றப்படும் என்று உபதேசியார் நாள் குறித்தார். பெரிய யுத்தம் முடிந்து, விஷக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்து போன காலம் அது. இரண்டு கலசம் ஏற்கனவே ஊற்றியாயிற்று என்று அவர் சொன்னபோது நம்பாமல் இருக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

எல்லோரும் நரகத்தை நினைத்து நடுங்கினார்கள். இருதயராஜின் மனைவி தனபாக்கியம் மட்டும் ஒரு கதவை நினைத்து நடுங்கினாள். அது அவள் வீட்டுக் கதவுதான்.

காய்ச்சல் வருஷத்தில் அவளுடைய அண்ணி அமிர்தவள்ளியின் வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் அமிர்தவள்ளி தள்ளாடிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, "பாக்கியம், ஒரு சொம்பு வெந்நீர் குடு" என்று கதவைத் தட்டினாள். உள்ளே தனபாக்கியம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். திறந்தால் காய்ச்சல் உள்ளே வந்துவிடும், பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டுவது நிற்கும் வரை நின்றாள். பிறகு, தூங்கிவிட்டேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். அமிர்தவள்ளி பிழைத்தாள், அவள் வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் வேடிக்கை, இரண்டு பேருக்கும் வேலை ஒரே உரலில். தோலைப் பதமாக்க ஆவாரம்பட்டையை இடித்துப் போட வேண்டும். ஓர் உரலுக்கு இரண்டு பெண்கள், இரண்டு உலக்கை, மாற்றி மாற்றிப் போடுவது. மேஸ்திரி ஜம்புலிங்கம் போட்ட ஜோடியை மாற்ற மாட்டார். ஆகவே பேச்சுவார்த்தை இல்லாத அந்த இருவரும் தினமும் காலையிலிருந்து பொழுது சாயும் வரை எதிரெதிரே நின்று, முகத்தைப் பார்க்காமல், ஒருவர் உலக்கைமேல் ஒருவர் உலக்கை படாமல் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு வருவதற்குள் அண்ணியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் மீசைக்காரத் தூதன் தன்னைத்தான் முதலில் தேடுவான் என்று தனபாக்கியம் முடிவு செய்தாள்.

ஆனால் அந்த மாதம் முழுக்கத் தெருவில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியவில்லை. இவர் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனால், அவர் வேறொருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருப்பார். இரவல் வாங்கிய முறம், சல்லடை, அம்மிக்குழவி எல்லாம் தெருவில் நடந்து நடந்து வீடு சேர்ந்தன. ஒருத்தி திருப்பிக் கொடுத்த சேவல், கொடுக்கப்பட்டவளுடையதும் அல்ல என்று தெரியவந்து, அது நாலு வீடு சுற்றியது. ஒருவன் தன் வண்டி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். மாடு மன்னித்ததா என்று தெரியவில்லை. அவன் தோளிலிருந்த துண்டைத் தின்றுவிட்டது.

இருதயராஜும் மனைவியின் முன் வந்து நின்றான்.

"பாக்கியம், உன் கருவாட்டுக் கொழம்பை நான் பூனைக்கு ஊத்திட்டேன்."

"என்னிக்கு?"

"என்னிக்குமே. கல்யாணம் ஆனதிலேர்ந்து."

"அதான் அந்தப் பூனை என் பின்னாடியே சுத்துதா? நான் அதுக்கு என்மேல பாசம்னு இல்ல நினைச்சேன்" என்றாள் தனபாக்கியம். மன்னித்தாளே தவிர, அன்றைக்கும் கருவாட்டுக் குழம்புதான் வைத்தாள்.

அவளுடைய காரியம் மட்டும் நடக்கவில்லை. ஒருநாள் உரலடியில் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அண்ணி" என்று வாயைத் திறந்தாள். கவனம் சிதறி, உலக்கையும் உலக்கையும் முட்டி அமிர்தவள்ளியின் கை அதிர்ந்தது. அத்தனை நாளில் அப்படி முட்டியது அதுவே முதல் தடவை. அமிர்தவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். தனபாக்கியம் சட்டென்று உரலுக்குள் கையைக் காட்டினாள்.

"பட்டை ஈரமா இருக்குது" என்று சொல்லிவிட்டாள்.

அமிர்தவள்ளி குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. உலக்கையை எடுத்தாள்.

ஷாப்பில் வேறொரு கவலை முளைத்தது. "ஆண்டவர் வந்தப்புறம் தொட்டியில இருக்குற தோலை யாருய்யா பார்ப்பாங்க?" என்று ஜம்புலிங்கம் பேஜாராகக் கேட்டார். "நீங்க பாட்டுக்கு மேல போய்ட்டீங்கன்னா நான் ஒருத்தன் இன்னா செய்வேன்?"

இருதயராஜ் இதை ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருந்தான். "சாயபு தோலை அழுக விட்டுட்டுப் போனா அதுவும் திருட்டுதான் மேஸ்திரி. ஆண்டவர் முன்னால நான் கைகட்டி நிக்கிறப்போ கீழேர்ந்து அந்த நாத்தம் வந்தா, இன்னான்னு பதில் சொல்றது? இருக்குறதை முடிச்சிடுவோம்."

சாயபு தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் கியாமத் நாள் உண்டு இருதயராஜு. தேதிதான் எங்ககிட்ட யாரும் சொல்லலை. சரி, அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் புது லோடு எறக்கலை. ஞாயித்துக்கிழமை காலைல வண்டியை அனுப்பறேன். நீங்க இருந்தா எறக்குங்க. இல்லேன்னா எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்புறம் அந்த ஷாப்பில் நடந்த வேலையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இருந்த தோல்களெல்லாம் வழித்துச் சுத்தமாகிப் பட்டைத் தொட்டிக்கு மாறின. பல காலமாகக் குவிந்து கிடந்த ஜவ்வையும் முடியையும் வண்டி வண்டியாக ஏற்றி, ஆற்றுக்கு அப்பால் குழி வெட்டிப் புதைத்தார்கள். சாக்கடையைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தார்கள். மிச்சமிருந்த சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று ஷாப்புச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். அடிக்கிற கை நிற்கவில்லை. ஷாப்பு முடிந்ததும் தெருவுக்கு அடித்தார்கள், ஜெபக்கூடத்துக்கு அடித்தார்கள், குறுக்கே போன ஓர் ஆட்டுக்கும் கொஞ்சம் பட்டது.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஜெபக்கூடத்தில் கூடினார்கள். வானம் இருண்டு மழை கொட்டியது. உபதேசியார் தொண்டை கட்டும் வரை பாடினார். எந்த இடியோடு கலசம் வரும் என்று காத்திருந்து காத்திருந்து, உழைத்த களைப்பில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

முதலில் விழித்தவன் இருதயராஜ். மழை நின்றிருந்தது. அவன் மூச்சை உள்ளே இழுத்தான். திரும்பவும் இழுத்தான். பயந்துபோய் மனைவியை உலுக்கினான்.

"பாக்கியம், ஒண்ணுமே நாறலை."

தனபாக்கியம் எழுந்து உட்கார்ந்து மோந்து பார்த்தாள். நனைந்த மண்ணின் வாசனை, வேப்பிலை வாசனை, எங்கிருந்தோ ஒரு பூ. அவ்வளவுதான். அதற்கு அடியில் எப்போதும் இருக்கும் ஏதோ ஒன்று இல்லை. இல்லாமல் போனபோதுதான் அது இருந்தது என்பதே அவளுக்குத் தெரிந்தது.

"அப்போ இது ஆம்பூர் இல்லையா?" என்றாள்.

ஒவ்வொருவராக விழித்தார்கள். ஒவ்வொருவரும் மூக்கைத் தூக்கினார்கள். கதவைத் திறந்து வெளியே பார்த்தால், மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் பூமியை மூடியிருந்தது. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று சுவர்கள், தரையில் கண்ணாடிபோலத் தண்ணீர்.

"வந்துட்டோம்" என்றான் இருதயராஜ் மெதுவாக. "தூங்குறப்போவே தூக்கிட்டாங்க. வலிக்கவே இல்லை."

கொஞ்ச நேரத்தில் தெருவே மிதந்துகொண்டிருந்தது. இருதயராஜ் கேட்பார் யாருமின்றித் தட்டாமாலை சுற்றினான். வயதான பெண்கள் கைகோத்துக் கும்மியடித்தார்கள். வெள்ளைச் சுவரைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள், முகமெல்லாம் சுண்ணாம்பு.

அந்தப் பனியில் அமிர்தவள்ளி தனியாக ஒரு சுவரோரம் நின்றிருந்தாள். தனபாக்கியத்துக்கு மனசு இறகுபோல இருந்தது. இங்கே வந்தபிறகு பயமென்ன, வெட்கமென்ன? ஓடிப்போய் எதிரே நின்றாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் தூங்கலை."

அமிர்தவள்ளி அவளைப் பார்த்தாள்.

"கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நீ தட்டினது, கூப்பிட்டது எல்லாம் கேட்டுது. அடுப்புல வெந்நீரும் இருந்துது. பயந்துட்டேன் அண்ணி. உனக்கு ஒரு சொம்பு தண்ணி தரலை நான்."

"தெரியும்" என்றாள் அமிர்தவள்ளி.

"தெரியுமா?"

"உன் வளையல் சத்தம் கேட்டுதே."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீயே சொல்வேன்னு பார்த்தேன். இத்தனை நாள் ஆவும்னு தெரியலை." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் மட்டும் இன்னா ஒழுங்கு? அந்தச் சீலையைப் பார்த்ததுலேர்ந்து தினம் ஜெபம் பண்ணேன். ஏழு கலசத்துல ஒண்ணை உன் வீட்டு மேல மட்டும் தனியா ஊத்தச் சொல்லி. உபதேசியார்கிட்டகூட போய்க் கேட்டேன், அப்படி வசதி இருக்குதான்னு."

"அவர் இன்னா சொன்னார்?"

"தூதருங்க அவ்வளவு குறி பார்த்து ஊத்த மாட்டாங்கன்னார். எதிர் வீடு என் வீடாச்சே. விட்டுட்டேன்."

தனபாக்கியத்துக்கு முதலில் அழுகை வந்தது. அழ ஆரம்பித்தது பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது. அமிர்தவள்ளியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இருவரும் வெள்ளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சிரித்தார்கள்.

அப்போது காற்றில் அது வந்தது. மாட்டின் சலங்கைச் சத்தத்துக்கு முன்னாலேயே வந்தது. ரயிலடியிலிருந்து சாயபுவின் வண்டி, உப்புப் போட்ட பச்சைத் தோல் ஜாஸ்தியாக ஏற்றிக்கொண்டு பனியைக் கிழித்து வந்து நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் ஜம்புலிங்கம், எதிரே சுண்ணாம்பு முகத்தோடு கும்மியடிக்கிற கூட்டத்தைப் பார்த்து மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"மேஸ்திரி, நீங்களும் வந்துட்டீங்களா?" என்று இருதயராஜ் ஆசையாகக் கேட்டான்.

"எங்கய்யா? ரயிலடிலேர்ந்துதான் வர்றேன். லோடு எறக்க ஆள் வேணும்."

தெரு மூக்கைப் பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அதற்கு நாறியது.

தனபாக்கியம் அண்ணியின் பக்கம் திரும்பினாள். அப்படியென்றால் இதெல்லாம் பூமியில் சொன்னது. தெருவிலேயே நின்று சொன்னது. "அண்ணி, நான் மோட்சம்னு நெனைச்சு..." என்று இழுத்தாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும், இது மோட்சம் இல்லைன்னு."

"எப்படி?"

"மோட்சம்னா உன்னை உள்ள விட்டிருப்பாங்களா?" சொல்லிவிட்டு அமிர்தவள்ளி நாத்தனாரின் கன்னத்துச் சுண்ணாம்பைக் கட்டை விரலால் துடைத்துவிட்டாள். "கால் ஆணியும் வலிச்சுது. இருந்தாலும் நீ சொல்லி முடிக்கட்டும்னு சும்மா இருந்தேன்."

அதற்குள் யாரோ, "எங்கே அந்த உபதேசியார்?" என்று குரல் கொடுத்தார்கள். கும்மி கலைந்தது. ஏமாந்த கோபம் மெல்ல ஏறியது. எல்லோரும் ஜெபக்கூடத்துக்குத் திரும்பினார்கள். உபதேசியார் சீலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. கூட்டத்தைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார்.

"நான் பொய் சொல்லணும்னு சொல்லலை. நிஜமாவே நம்பினேன். ஆண்டவருடைய கோபம் வரலையே. உங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" கட்டிய தொண்டையிலிருந்து பாதி வார்த்தைதான் வந்தது.

முன்வரிசையில் நின்றவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். தனபாக்கியம் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். இப்போதுதான் மன்னிக்கப்பட்டவள், அந்தச் சூடு இன்னும் கன்னத்தில் இருந்தது.

"கோபம் வரலைன்னு யாராவது அழுவாங்களா ஐயா? நீங்க சொன்னது பலிச்சிருந்தா நான் இன்னிக்கு எங்க இருந்திருப்பேனோ. பலிக்காம போச்சே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க."

உபதேசியார் பேந்தப் பேந்த விழித்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எடுத்த வாயை முன்வரிசைக்காரர்கள் மூடிக்கொண்டார்கள்.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று தனபாக்கியம் கேட்டாள். அவர் தலையைக் குனிந்தார். "எழுந்து வாங்க. எங்க அண்ணி வீட்டுல சாப்பாடு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றாள் பின்னாலிருந்து அமிர்தவள்ளி.

"உன்னைக் கேக்கணுமா?"

அமிர்தவள்ளி இடுப்பில் கை வைத்து நின்றாள். "பாத்தீங்களா ஐயா இவளை? மன்னிச்ச ஈரம் காயலை, அதுக்குள்ள என் அரிசிப் பானைக்குள்ள கை விடுறா" என்று ஆரம்பித்தாள். தெருவில் நடக்கும்போதும், அடுப்பை மூட்டும்போதும், வெங்காயத்தை எடுத்து நாத்தனார் முன் உருட்டிவிடும்போதும் அவள் வாய் ஓயவில்லை. பேசாமல் சேர்த்துவைத்த அத்தனை நாளைய ஏச்சும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. தனபாக்கியம் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "ஆமாம் அண்ணி, ஆமாம் அண்ணி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.