குழல் வாயில் சந்தனம்

துப்பாக்கி கோணல் என்று வேலுசாமி எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வெள்ளானூரில் அவன் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கிறவர்களுக்கு என்ன, செத்தது அவர்கள் வீட்டு மாப்பிள்ளையா?

எண்பத்து நாலில் நடந்தது அது. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி இறங்கியிருந்த ஒரு மாலை. அப்பா காலத்து வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வேலுசாமி வரப்பில் உட்கார்ந்தான். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டுச் சுடுகிற பழைய ரைபிள். சுட்டான். புதருக்குள் விழுந்தது பன்றியல்ல, தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன் ஆனந்தன்.

"பன்னியத்தான் குறி வச்சேன், குழல் இடது பக்கம் இழுத்துட்ச்சு" என்று போலீசிடம் சொன்னான், கோர்ட்டில் சொன்னான், தங்கையிடமும் சொன்னான். கோர்ட்டு, கைப்பிசகு என்று அவனை விட்டுவிட்டது. தங்கை விடவில்லை. அடுத்த தெருவில் இருந்துகொண்டு அண்ணன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள்.

மறு வருஷம் துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து வேலுசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தச் சுவரில் எப்படி மாட்டினாலும் குழலின் வாய் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். சோற்றில் கை வைத்தால் பார்க்கும். சட்டை மாற்றினால் பார்க்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த ஒரு மாசம்தான் அவனுக்குத் தீபாவளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெண்டாட்டி தாயம்மா திட்டிப் பார்த்தாள். விற்றுத் தொலைக்கவும் அவனுக்கு மனசு வரவில்லை. கோணல் என்பதற்கு அது ஒன்றுதானே சாட்சி!

கடைசியில் முத்தாபுதுப்பேட்டை மந்திரவாதி ஒருவன் வழி சொன்னான். "ரத்தம் குடிச்ச இரும்புப்பா அது. வாயக் கட்டிப் போடு." ஊரில் எல்லோரும் ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைப்பார்கள், சில நாளில் துடைத்துவிடுவார்கள். வேலுசாமி ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்துக் குழலின் வாயில் அப்பினான். காய்ந்து உதிர்ந்தால் மறுபடியும் குழைத்து அப்பினான். வருஷம் பூராவும் அது அங்கேயே இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் மகள் வனஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாம்பூலத் தட்டோடு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றான். பஞ்சவர்ணம் தட்டைத் தொடவில்லை.

"துப்பாக்கி கோணல்னு சொல்லிகினே கீறியே, அத்த என் கண்ணால காட்டு. அப்பால வரேன்."

பூந்தமல்லியில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற அப்துல் ஜப்பாரைக் கொல்லைக்கே கூட்டி வந்தான் வேலுசாமி. பஞ்சவர்ணமும் வந்து வரப்பில் நின்றாள். குழல் வாயைப் பார்த்ததும் பாய் சிரித்துவிட்டார். "இன்னா அண்ணாத்தே, பொண்ணுக்குக் கல்யாணமா, துப்பாக்கிக்குக் கல்யாணமா?" சந்தனத்தைத் துணியால் துடைத்து எடுத்தார். கிணற்று மண்மேட்டில் ஒரு காகிதத்தைக் குத்தி, நடுவில் கரியால் வட்டம் போட்டார். ஐம்பது கஜம் தள்ளி மணல் மூட்டையில் துப்பாக்கியைப் படுக்க வைத்து, மூச்சை அடக்கி ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டார். வேலுசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடது பக்கம், ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தன.

பஞ்சவர்ணம் காகிதத்தின் அருகில் போய் ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து நேராக அண்ணன் வீட்டுக்குள் போய், "அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றாள். தாயம்மா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வேலுசாமிக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று முழுக்கத் துப்பாக்கி அவனைப் பார்க்கவில்லை. அது வெறும் இரும்பும் மரமுமாகக் கிடந்தது.

சனியனைச் சரி பண்ணியே வைத்துவிடலாம் என்று மறுநாள் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பூந்தமல்லி போனான். சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத்தான் சும்மா இருக்கத் தெரிகிறது?

ஜப்பார் பூதக்கண்ணாடியைக் குழல் வாயில் வைத்துக் காட்டினார். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் துரு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது.

"உன் சந்தனம் பண்ண வேல. ஈரம் ஒரே பக்கமா தங்கி அரிச்சிகீது. குண்டு வெளிய வரச்சொல்ல பின்னாடி வர்ற புகை அந்தப் பள்ளத்து வழியா முந்திகினு ஓடி, குண்டத் தள்ளி உடுது. அதான் இழுக்குது."

"சரி பண்ண முடியுமா பாய்?"

"நுனியில ஒரு நூல் அளவு அறுத்துட்டு, பித்தளை ஸ்க்ரூவோட உருண்டத் தலையில வால்வு தேய்க்கிற பேஸ்ட் தடவி விளிம்பத் தேச்சா போதும். உள்ள பாரு, கண்ணாடி கணக்கா கீது. வேற ஒரு கொறையும் இல்ல. சந்தனம் பூசறதுக்கு முந்தி இது கோடு போட்ட மாதிரி சுட்டிருக்கும்." பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "மொத மொத எப்ப பூசின?"

"ஸ்டேஷன்லேர்ந்து திரும்பி வந்தப்பறம்."

ஜப்பாருக்கும் அந்தச் சாவுக் கதை தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அரத்தைத் தேட ஆரம்பித்தார்.

துப்பாக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டு வேலுசாமி பஸ் ஏறினான். ஆவடி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே ஒரு புதர் கூடவே வந்தது. புதர் அசைகிறது. பன்றியின் முதுகு தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை, புதர் மட்டும் அசைகிறது. விரல் விசையை இழுக்கிறது. அன்று நடந்ததை அவன் வேறு விதமாகச் சொல்லிச் சொல்லி, தானே நம்பிவிட்டிருந்தான். இப்போது அவனுக்குப் பயமாக இருந்தது. துப்பாக்கி வீட்டில் இல்லை, பயம் மட்டும் இருந்தது.

வீட்டில் பஞ்சவர்ணம் வனஜாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணை ஏதோ கேலி செய்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை வேலுசாமியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. திருடின பொருள் மாதிரி இருந்தது அது.

"இன்னா சொன்னாரு பாய்?" என்றாள்.

மகளை உள்ளே போகச் சொன்னான். "துப்பாக்கி மேல குத்தம் இல்ல பஞ்சு. நான் அப்பின சந்தனம் அரிச்சி, அப்பறம்தான் கோணலாச்சு. அன்னிக்கு அது நேராத்தான் சுட்டுச்சு. பன்னிய நான் பாக்கவே இல்ல. புதர் அசஞ்சுது, சுட்டுட்டேன்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவள் மடியில் கிடந்த சீப்பை எடுத்துக் கீழே வைத்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ன யாருண்ணா சொல்லச் சொன்னாங்க?" என்றாள். "அவரு போனதுக்கப்பறம், நேத்து ஒரு ராத்திரிதான் நான் தூங்கினேன்."