இங்கிலீஷில் ஓர் அடக்கம்

டாக்மார் மூன்றாவது ஜன்னலையும் இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். அயோவாவின் சோளக்காடுகள் மீது ஆகஸ்ட் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த அவள் அப்பா லவுரிட்ஸ் புண்ட்கோர் உரத்த குரலில் டேனிஷ் ஞானப்பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப்பா. ரோட்டுல ஆள் போகுது."

"போனா போகட்டும். ஜன்னலைத் திறடி, மூச்சு முட்டுது."

"வெளியே அனலா அடிக்குதுப்பா."

உள்ளே அதைவிடப் புழுங்கியது. அது அவருக்கும் தெரியும்.

ஜெர்மனியோடு நடக்கும் யுத்தம் முடியும்வரை தெருவிலும் பள்ளியிலும் கோயிலிலும் டெலிபோனிலும் இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டும் என்று மே மாதம் கவர்னர் உத்தரவு போட்டிருந்தார். டேனிஷுக்கும் ஜெர்மனுக்கும் வித்தியாசம் கேட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. பத்து நாளைக்கு முன் கோயில் கதவில் யாரோ, துரோகிகள் என்று குறிக்கும் மஞ்சள் பெயிண்டை வாளியோடு கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன் டென்மார்க்கிலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள் தொடங்கிய சபை அது. முதல் குளிர்காலம் முழுக்க அப்பாவின் தொழுவத்தில்தான், மாடுகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஆராதனை நடந்தது. பிறகு எழும்பிய கோயிலுக்குக் கதவு இழைத்ததும் அவர்தான். மண்ணெண்ணெயும் துணியுமாகப் போய் ஒரு பகல் முழுக்கத் தேய்த்தவர், படியிலேயே சரிந்தார். கண் விழித்தபோது அவர் நாவில் இங்கிலீஷ் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

டாக்மார் டெலிபோனைச் சுழற்றிப் போதகர் தோஃப்டைக் கூப்பிட்டாள். அப்பா பிழைக்க மாட்டார், உடனே வரவேண்டும் என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். கம்பியில் வேறு யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பி; அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்கலாம்.

"ஜன்னல்..." என்றார் அப்பா. இப்போது குரல் தணிந்திருந்தது.

ரோட்டில் ஒரு கார் மெதுவாகப் போனது. அவள் கொக்கியில் வைத்த கையை எடுக்காமல், திறக்காமல், அப்படியே நின்றாள்.

போதகர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா ஆனே எழுந்து வந்து மூன்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில், உத்தரவை மீறுகிறவர்களைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஹார்லன் வேட் காரில் சாய்ந்து நின்றான். கையில் சின்ன நோட்டு.

போதகர் எழுதி வந்த இங்கிலீஷைக் கண்ணெடுக்காமல் வாசித்தார். வயசானவர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி, யாருடைய சாவுக்கோ வந்தவர்களைப் போலப் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா டாக்மாரின் கையை இழுத்தாள். "என்னடி சொல்றாரு?"

"ஸ்ஸ்... வீட்டுக்குப் போய்ச் சொல்றேம்மா."

"வீட்டுக்குப் போயா? உங்கப்பா இங்கதானே இருக்காரு."

டாக்மார் வாசல் பக்கம் பார்க்காமல் அம்மாவின் காதருகே குனிந்து டேனிஷில் சொன்னாள். பின்னால் நின்ற ஓவர்கோர் கிழவரும் காதைக் கொடுத்தார். அவர் மனைவி, "வேணாம் பொண்ணே, அவன் பாக்கறான்" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கேட்க வேண்டுமென்றால் குரலை உயர்த்தத்தான் வேண்டும்.

போதகர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு வரியாக வாசித்து, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். மூன்று முறை மண் விழுந்தது. மூன்று முறையும் அவள் குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை.

வாசலில் வேட் வழிமறித்தான்.

"பேரு?"

சொன்னாள்.

"எழுத்தெழுத்தாச் சொல்லு."

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பென்சில் கூடவே ஊர்ந்தது.

"அவருக்கு என்ன வேணுமாம்?" என்றாள் அம்மா.

"பேரு கேக்கறாரும்மா."

அம்மா மகளின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "ஆனே புண்ட்கோர்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அவன் எழுதுவதற்காகக் காத்து நின்றாள்.