மாப்பிள்ளையின் எடை

கண்ணாடிக் கடைக்காரரின் நாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாலிலிருந்து மறைய ஆரம்பித்தது. மதியத்துக்குள் வாலின் வழியே தரையின் சதுரக் கற்களை எண்ண முடிந்தது. கடைக்காரர் முப்பத்தோரு வருடமாக அடுத்தவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவர். அதனால் கோளாறு நாயிடம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கண்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஒரே மாதத்தில் தன் கண்ணாடியின் பவரை மூன்று முறை மாற்றிக்கொண்டார். மூன்றிலும் தரை நன்றாகத் தெரிந்தது, வால்தான் தெரியவில்லை.

நாயின் பெயர் மாப்பிள்ளை. கூப்பிடாமலே வந்து சாப்பிட உட்கார்ந்துகொண்டதால் கடைக்காரரின் மனைவி வைத்த பெயர் அது. மகளுக்குக் கல்யாணமாகி நிஜ மாப்பிள்ளை வந்த பிறகும் அவள் பெயரை மாற்றவில்லை. அவள் கூப்பிட்டால் இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள், நாய் சற்று முன்னதாக. பிறகு அவள் ஒரு கட்டியை எடுப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னக் கட்டிதான், நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். அவள் திரும்பவில்லை.

எட்டு மாதம் கழித்து நாயின் அடிவயிற்றில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கால்நடை மருத்துவர் கறாரான பெண்மணி. இப்போதே வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார். வெட்டி என்ற சொல்லுக்குப் பிறகு கடைக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக உருண்டை டாக்டர் வீட்டுக்கு நடந்தார்.

உருண்டை டாக்டர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, முன்னறையில் சர்க்கரை உருண்டை கொடுத்து ஓமியோபதி பார்ப்பவர். கடிதம் பிரிக்கும் பழைய மர அறைகளில் இப்போது மருந்துக் குப்பிகள் நின்றன. நாய்களுக்கென்று அவரிடம் தனிப் புத்தகம் இல்லை. ஆகவே மனிதர்களிடம் கேட்கும் நாற்பத்திரண்டு கேள்விகளையும் அப்படியே கேட்டார். கடைக்காரரும் ஒன்று விடாமல் பதில் சொன்னார். இடது பக்கமாகத்தான் படுக்கிறான், வலது பக்கம் காலியாகக் கிடக்கிறதே. யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சல் வருகிறது. எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறான். நாய் எப்படிக் குழாயைத் திறக்கும் என்று டாக்டர் கேட்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாய்க்குக் கொடுத்தது சாதாரண உப்பிலிருந்து எடுத்த மருந்து. கரைத்துக் கரைத்து, கடைசியில் உப்பே இல்லாத அளவுக்கு நீர்த்தது. நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்றார் டாக்டர். ஒரே பத்தியம், காப்பி. அது மருந்தை முறித்துவிடும், வீட்டில் வாசனைகூட வரக் கூடாது. கடைக்காரர் அன்றே காப்பியை விட்டார்.

மருந்து கேட்டது. முதல் வாரத்திலேயே கடைக்காரர் அசந்து தூங்கினார். சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். வாசலில் கிடந்த மனைவியின் செருப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். எழுத்துப் பலகையைப் படிக்கத் திணறுகிறவர்களிடம் ஜோக்கடித்தார். டாக்டர் வீரியத்தை ஏற்றிக்கொண்டே போனார். முப்பது வீரியத்தில் நாயின் வால் போனது, இருநூறில் பின்னங்கால்கள், ஆயிரத்தில் காதுகள் வரை எல்லாம். கட்டியும் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் குணம் என்று டாக்டர் எழுதி அடிக்கோடிட்டார். தெருவும் பழகிவிட்டது. கடை வாசலில் ஒன்றும் இல்லாத இடத்தைத் தபால்காரர் சுற்றிக்கொண்டு போனார்.

அப்படி ஒரு வருடம் போனது. மகள் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்தபோது மடியில் ஏதோ ஏறியது, கைக்குட்டை அளவு எடைதான். அது விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அவள் உருண்டை டாக்டர் வீட்டுக்குப் போய், நோட்டை வாங்கி, நின்றபடியே நாற்பத்திரண்டு பதில்களையும் படித்தாள். பிறகு நோட்டோடு கடைக்கு வந்தாள்.

"இது மாப்பிள்ளை இல்லப்பா. இது நீங்க."

கடைக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து டாக்டருடையது, சொன்னது எல்லாம் அவர்தான்.

"அவன் வலியில முனகுறான். உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. ஒரு வருடமாக அவர் சௌக்கியமாக இருந்தார். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார்கள். கையில் பிடிபடாததைத் தன்னால் வெட்ட முடியாது என்று அவர் நியாயமாகவே சொன்னார். கடைக்காரர் லென்ஸ் தட்டை எடுத்து உள்ளே வைத்தார். அப்புறம் மகளிடம், "காப்பி போடும்மா. கெட்டியா" என்றார்.

மருந்து யாருக்கானதோ, அதை முறிக்கும் காப்பியையும் அவர்தான் குடிக்க வேண்டும். குடித்தார். மூன்றாவது வாயில் அவர் மனைவி மறுபடி இறந்துபோனாள், முதல் முறை போலவே. மகள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார், ஆறுதல் எரிச்சலாக இருந்தது.

முதலில் திரும்பி வந்தது கட்டிதான். முழங்கால் உயரத்தில், தேங்காய் பருமனில் அந்தரத்தில் தொங்கியது. அதைச் சுற்றி வயிறு வந்தது, கால்கள் வந்தன, கடைசியாக வால். வால் கடைக்காரரைப் பார்த்து ஆடியது. கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, போன வருடமே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். என் தப்பு என்றார் கடைக்காரர். நாய் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்து, மூன்றாம் நாள் அங்கேயே செத்துப்போனது.

கடைசியாக வலிக்கு ஊசி போடும்முன் எடை பார்த்திருந்தார்கள். இருபத்திரண்டு கிலோ நாய் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தது. மருத்துவர் தராசைச் சந்தேகப்படவில்லை, ஐம்பத்தெட்டு என்றே எழுதினார். கொல்லையில் புதைக்கத் தூக்கும்போது மகள் பின்னங்கால்களைப் பிடிக்க வந்தாள்.

"தனியாத் தூக்காதீங்கப்பா. ரொம்பக் கனம்."

"இருக்கட்டும்மா. என் கனம்தானே," என்றார் அவர்.

மறுநாள் கடையைத் திறந்து, தன் பழைய கண்ணாடியையே எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் எல்லாம் சரியாகத் தெரிந்தது.