மனைவி எழுதிய பக்கம்

பல்செட் செய்பவளின் கணவர் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. நகராட்சி வடிகால் பிரிவில் வரைபடக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொல்லிக்கொள்ளும்படி அவர் செய்த காரியம் ஒன்றுதான்: வண்டி ஏறினாலும் கடகடவென்று சத்தம் போடாத சாக்கடை மூடியை வரைந்தார். எங்கள் ஊரில் தெருவோர வீட்டுக்காரர்கள் கண்ணயர முடிகிறதென்றால் அது அவர் புண்ணியம். பதக்கமும் புகைப்படமும் என்னவோ தலைமைப் பொறியாளருக்குத்தான் போயின. அந்தப் பொறியாளர் நாலு பேர் முன்னால் இவரை ‘உருப்படாதவன்’ என்றுதான் கூப்பிடுவார். இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறொன்றும் செய்யவில்லை.

பார்க்கப் பார்க்க மனைவிக்குப் பொறுக்கவில்லை. அவள் பகலில் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பாள். மற்ற நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் வைத்திருக்கிறார்களே, அதில் சம்பளமில்லாமல் பறவைகளைப் பற்றி எழுதுவாள். அங்கே ஒரு விதி உண்டு. தன்னைப் பற்றி, தன் வீட்டு ஆளைப் பற்றி, தனக்குப் படியளப்பவரைப் பற்றி எழுதக்கூடாது. சொல்லித்தான் தீரவேண்டும் என்றால், நான் இன்னாருக்கு இன்ன உறவு என்று, ஒவ்வொரு பக்கத்தோடும் விவாதிக்கவென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒப்புக்கொண்டு, மற்றவர்கள் பார்த்து எழுதும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஊரார் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இந்த விதியைக் காத்தவள், தன் புருஷன் விஷயத்தில் வேறொரு புனைபெயரில் நுழைந்து அவருக்கு ஒரு பக்கம் திறந்தாள். மூடியைப் பற்றி எழுதினாள், அது உண்மை. அதோடு எழுந்து வந்திருக்கலாம், வரவில்லை.

‘நகர வடிகாலின் தந்தை’ என்று அவள் சேர்த்த காலையில்தான் அவர் கால் தரையை விட்டது. முழங்கால் வலி போய்விட்டது என்று மனுஷர் குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது, விடுவாளா? மூன்று நாடுகள் அவரை ஆலோசனைக்கு அழைத்ததாக எழுதினாள், ஒரு முழம் ஏறினார். வெள்ளத்திலிருந்து ஊரைக் காத்தவர் என்று எழுதினாள், அலமாரி உயரம் போனார். பக்கத்து வீட்டார் பல்பு மாற்ற அவரைக் கூப்பிட்டார்கள், அவரும் முகம் கோணாமல் போய் வந்தார். பல்செட் அச்சுக்கு வாங்கிய சுண்ணப்பொடி மூட்டையைக் காலில் கட்டிவிட்டால் சாப்பாட்டு மேசை வரை இறங்குவார். படுக்கும்போது மட்டும் அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் கூரையின் அடியை ஒட்டியும் அவள் கீழே கட்டிலிலும் படுத்துக்கொண்டார்கள்.

“கீழே வந்து படுங்களேன்” என்றாள் ஒருநாள்.

“நான் என்ன வேணும்னா இங்க இருக்கேன்? நீ என்னத்தையோ எழுதுற, நான் ஏறுறேன். எழுதினதை எடும்மா.”

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அன்றே உட்கார்ந்து பொய்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அவர் பாதி தூரம் இறங்குவதற்குள் அழித்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது. காரணம் இருந்தது. அவள் எழுதியதை அப்படியே எடுத்து ஒரு பத்திரிகை ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தது. அந்தப் பத்திரிகையையே சான்றாக யாரோ பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். பொய்க்கு இப்போது அடிக்குறிப்பு இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு, பேச்சுப் பக்கத்தில் தன் சொந்தப் பெயரிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்: நான் அவர் மனைவி, இவை நான் இட்டுக்கட்டியவை, தயவுசெய்து நீக்குங்கள். பக்கங்களைக் காவல் காக்கும் தன்னார்வலர்களில் மூத்தவர், எல்லோரும் கத்தரி என்று அழைக்கும் ஆள், மரியாதையாகப் பதில் எழுதினார். அம்மா, உங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் நெருங்கிய உறவு உறவுதான், நீங்கள் சொல்வதை வைத்து எதையும் நீக்க முடியாது, பத்திரிகைக்கு எதிரான வேறொரு சான்று கொண்டு வாருங்கள். இன்னொருவர், வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளவும் என்று எழுதினார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் தொட அவளுக்குத் தடை.

அதற்குப் பிறகு இந்த ஊர் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தது. கட்டின புருஷனைப் பற்றிக் குறை சொல்லச் சொல்லி ஒரு பெண் வீடு வீடாகப் போனாள். அவர் கூட வேலை செய்தவர்கள், மூடியை வார்த்த பட்டறைக்காரர், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, ஒருவர் விடாமல் கேட்டாள். எல்லோரும் பக்கத்தைப் படித்திருந்தார்கள். “அண்ணனைப் புரிஞ்சுக்காம போயிட்டேனே அண்ணி” என்று தம்பி அழுதான். மிச்சமிருந்தது தலைமைப் பொறியாளர் ஒருவர்தான். அந்த ஆளிடமாவது பழைய வெறுப்பு பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் போனாள்.

“அப்பல்லாம் அவரை என்ன சொல்லித் திட்டுவீங்களோ, அதைப் பேப்பர்காரங்ககிட்ட ஒரு தடவை சொல்லுங்க சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“அவனையா? நான் எதுக்கும்மா திட்டப்போறேன்? தங்கமான ஆளு. நான் பார்த்து வளர்த்துவிட்ட பையன்” என்றார் பொறியாளர். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்கு நினைவிருந்தது. சும்மா இருக்கக்கூடாதா, அவள் போனதும் பத்திரிகையைக் கூப்பிட்டு அதையே பேட்டியாகவும் கொடுத்தார்.

பேட்டி வந்த நாள் மதியம் யாரோ அதைப் பக்கத்தில் சேர்த்தார்கள். மாடி அறையின் தகரக் கூரையில் ஆணிகள் படபடவென்று தெறித்தன, அவர் அதைப் பிளந்துகொண்டு வெளியே ஏறினார். மொட்டைமாடிக்கு ஓடியவள், துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வீச, அவர் எட்டிப் பிடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் முடிந்தாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், எல்லாவற்றுக்கும் சான்று இருந்தது. அவள் கயிற்றோடு கயிறு முடிந்துகொண்டே இருந்தாள். முதலில் கூடையில் சாப்பாடு ஏற்றினாள். பிறகு கூடை காலியாகாமல் திரும்பி வந்தது. மழைக்காலத்தில் அவர் குரல் கேட்காமல் போனது, வெயில் வந்த பிறகும் கேட்கவில்லை. கயிறு மட்டும் விறைப்பாக நின்றது.

கூரையைச் சரிசெய்தாயிற்று. காக்கைகள் கயிற்றுக்குப் பழகிவிட்டன, மாடிக்கு வரும் மீட்டர்காரர் குனிந்து போகிறார். காலையில் அச்சு காய்கிற நேரத்தில் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து, புருஷன் எப்படி இருக்கிறார் என்று மற்றவர்களைப் போலவே வாசித்துத் தெரிந்துகொள்கிறாள். போன மாதம் ஒரு புதிய வரி இருந்தது: மனநிறைவோடு வாழ்ந்து வருகிறார். எழுதியது யார் என்று பார்த்தாள், முன்பின் தெரியாத ஆள். சான்று இருந்தது. அவள் நம்பினாள்.