முப்பத்துமூன்று வயது முகம்

"ஜன்னல் பக்கம் திரும்புங்க அண்ணி. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க."

தம்பி மனைவி பெரியவளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். துணிக்கடையில் நூல் இழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நெற்றி, கன்னம், வாயோரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நெத்தி தேவலை. கண்ணுகிட்டதான் காட்டிக் கொடுக்குது."

"காட்டட்டுமே," என்றாள் பெரியவள். "நாப்பத்தொண்ணு ஆச்சு. காட்டாம என்ன பண்ணும்?"

தம்பி கோப்பையை ஓசையோடு கீழே வைத்தான். "மெதுவாப் பேசுக்கா. யார் காதுலயாவது விழுந்து தொலைக்கப் போகுது."

அந்த வீட்டில் நாற்பத்தொன்று என்பது கெட்ட வார்த்தையாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மூத்த பிள்ளை என்பதால் எல்லோருக்கும் அவள் பெரியவள். அப்பா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம், தலைக்கு மேலே இருக்கும் கூரை எல்லாம் அந்த மேசையிலிருந்து வந்தவைதான். நீராவி அவள் முகத்தை எடுத்துக்கொண்டது. நின்ற நிலை காலை எடுத்துக்கொண்டது. போன வருஷம் இடது காலில் ரத்தம் கட்டிப் பத்து நாள் படுத்தாள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை.

இத்தனை வருஷத்தில் உனக்குக் கல்யாணம் வேண்டுமா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. சம்பளம் கொண்டுவருகிற பெண்ணை அடுத்த வீட்டுக்கு அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்?

இப்போது கேட்டதற்கும் காரணம் பாசமல்ல. தம்பி இருபத்தொரு வயதிலேயே கல்யாணம் செய்துகொண்டவன்; அவன் மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் வீட்டார் எடுத்த எடுப்பில் கேட்டார்கள்: "அத்தைக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகல? குடும்பத்துல ஏதாவது வியாதியா?" அத்தை வாசலைத் தாண்டினால்தான் மகள் தாண்டுவாள் என்று அன்றைக்குத்தான் தம்பிக்கு உறைத்தது.

தரகர் பெரியவளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவியை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது, தலையில் முடி காதோரமாக ஒதுங்கிவிட்டது. ஒரே நிபந்தனை, பெண்ணுக்கு முப்பத்துமூன்றுக்கு மேல் போகக்கூடாது. தரகர் சரியாக முப்பத்துமூன்று என்றே சொல்லி, தம்பியை அண்ணனாக்கிவிட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இங்கே எட்டுதான், வருஷத்துக்கு ஒன்று.

பெரியவளுக்குக் கல்யாணம் கசக்கவில்லை. இதைச் சொல்ல என்ன வெட்கம்? அந்த மனிதரின் புகைப்படத்தை யாரும் இல்லாதபோது மூன்று முறை எடுத்துப் பார்த்தாள். வழுக்கை அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற கண் போலிருந்தது. அதனால்தான் வயது தெரியாமலிருக்க முகத்தில் ஊசி குத்திக்கொள்ளச் சம்மதித்தாள்.

கடைத்தெரு மாடியில் ஊசிக்காரம்மாவின் அறை. "முகத்துக்கு இயற்கை வழியில் பொலிவு, கத்தி இல்லை, மருந்து இல்லை" என்று வாசலில் எழுதியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய ஊசிகளை முகத்தில் முப்பது இடத்தில் குத்தி, அரைமணி நேரம் அப்படியே படுக்க வைப்பாள். முதல் நாளே பட்டென்று சொல்லிவிட்டாள்.

"ரத்த ஓட்டம் நல்லா ஆகும், முகம் தெளியும். வயசு குறையும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்லை," என்று தம்பி மனைவி முந்திக்கொண்டாள். "முப்பத்துமூணு வயசுல என்ன மாத்திரை?"

ஊசிக்காரம்மா படுத்திருந்தவளைப் பார்த்தாள். மாத்திரை என்று சொன்னால் கால் வரும், கால் வந்தால் சலவைக்கூடம் வரும், அதன் பின்னாலேயே இருபத்திரண்டு வருஷமும் வரிசையாக வந்து நிற்கும். பெரியவள் வாயைத் திறக்கவில்லை. அது அவள் செய்த தப்பு.

உண்மையில் அந்த அரைமணி நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. பட்டப்பகலில் படுப்பதற்கு அவளுக்கு வேறு எங்கே இடம் கிடைத்தது? முகம் முழுக்க ஊசியோடு தூங்கிப்போவாள். எழுந்தால் தாடை லேசாக இருக்கும். கன்னத்தில் இரண்டு மூன்று கருநீலப் புள்ளிகள் மட்டும் ஒரு வாரம் தங்கும்.

பெண் பார்க்க வருவதற்கு மூன்று நாள் முன்னால் தம்பி மனைவி பிடிவாதம் பிடித்தாள். "கண்ணைச் சுத்தியும் போட்டுடுங்க. அங்கதான் கோடு நிக்குது."

"அங்க தோல் ரொம்ப மெல்லிசு. ரத்தம் கட்டிக்கும். இந்தப் புள்ளி வேற ஆற லேட்டாகுது. நிஜமாவே மாத்திரை எதுவும் இல்லையே?"

"அதான் சொல்றேனே, இல்லை!"

மறுநாள் விடியும்போது இடது கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் அது கன்னம் வரைக்கும் இறங்கியது. சலவைக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.  அப்படிப்பட்ட கண்ணோடு வந்தவர்களை அந்த மேசைகள் நிறையப் பார்த்திருந்தன.

தேதியை மாற்றினால் சந்தேகம் வரும் என்று தம்பி மாற்றவில்லை. தம்பி மனைவி பவுடரை மேலே மேலே அப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

மாப்பிள்ளை, அவருடைய அக்கா, தரகர் மூவரும் வந்தார்கள். பெரியவள் தேநீர்த் தட்டை வைத்து நிமிர்ந்ததும் அந்த அக்கா கேட்டாள்: "கண்ணுல என்னம்மா?"

"கதவுல இடிச்சுக்கிட்டா," என்றான் தம்பி.

"குளியலறையில வழுக்கிட்டாங்க," என்றாள் தம்பி மனைவி, அதே மூச்சில்.

தரகர் தேநீரில் எதையோ தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அக்கா எழுந்தாள். "நான் பொண்ணோட கொஞ்சம் தனியாப் பேசணும்." பெரியவளைத் தோளில் கைபோட்டு உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அறுபது வயதிருக்கும். பெரியவளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட மறைக்காதே. அடிச்சது யாரு? அண்ணனா?"

 வலிக்கிறதா என்றுகூட வீட்டில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தலையை ஆட்டினால் போதும். இந்த அம்மாள் அவளை இன்றைக்கே இங்கிருந்து மீட்டுக்கொண்டு போய்விடுவாள். தம்பி மேல் ஒரு பழி, அவ்வளவுதானே? அவன்மேல் ஏற வேண்டிய பழிகள் எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் சூடாக இருந்தன. அவற்றிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"யாரும் அடிக்கல. எனக்கு நாப்பத்தொண்ணு. காலுக்கு மாத்திரை சாப்பிடறேன், ரத்தம் உறையாது. முப்பத்துமூணு மாதிரி தெரியணும்னு முகத்துல ஊசி போட்டாங்க. அதான் இப்படிக் கட்டிக்கிச்சு."

கைகள் மெல்ல விலகின.

"நாப்பத்தொண்ணா?"

"ஆமா."

அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் இல்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது.

"அடின்னுதான்மா நினைச்சேன். அடின்னா பரவால்ல, நம்ம வீட்டுக்கு வந்துட்டா ஆறிடும். நானும் வாங்காத அடியா? ஆனா வயசுங்கறியே. அது எப்படிம்மா ஆறும்?"

 பெரியவள் கொடியில் கிடந்த துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடி பார்க்காமலே முகத்தைத் துடைத்தாள். பவுடர் போனதும் கருநீலம் கன்னம் வரை தெரிந்தது. வலித்தது. இன்னும் அழுத்தித் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து முன்னறைக்குப் போனாள்.

"ஐயோ, அண்ணி!" என்று தம்பி மனைவி எழுந்தாள். தம்பி, "உள்ள போக்கா," என்றான்.

அவள் போகவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். புகைப்படத்தில் பார்த்த அதே கண்கள். அவை அவளைப் பார்க்காமல், பின்னால் வந்து நின்ற அக்காவைப் பார்த்தன.

"எனக்கு நாப்பத்தொரு வயசுங்க," என்றாள் பெரியவள். "உங்களுக்கு அம்பத்திரண்டுன்னு தரகர் சொன்னார். அதுக்காக உங்களை யாரும் ஊசி குத்திக்கிட்டு வரச் சொல்லல."